பூட்டிய வீட்டுக்குள் ஆள் சத்தம்: பக்கத்து வீட்டுக்காரர் முதலில் யாரைக் கூப்பிட வேண்டும்?

பக்கத்து வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கிறது. வீட்டுக்காரர்கள் மகனோடு அமெரிக்காவில் இருக்கிறார்கள். ஒருநாள் பகல் பதினொரு மணிக்கு இரண்டு பேர் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போகிறார்கள். கூப்பிட்டுக் கேட்பதா, போலீசுக்குச் சொல்வதா, நமக்கெதற்கு வம்பு என்று ஜன்னலைச் சாத்திக்கொள்வதா? பலர் மூன்றாவதைத்தான் செய்கிறார்கள். சாயங்காலம் அந்த வீட்டின் பின்கதவு பிளந்து கிடப்பதைப் பார்த்ததும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

இந்தத் தயக்கத்துக்கு முக்கியக் காரணம், வந்தவன் திருடனா இல்லையா என்று நாமே தீர்மானித்துவிட்டுத்தான் போன் எடுக்க வேண்டும் என்ற நினைப்பு. அது நம் வேலை இல்லை, நம்மால் முடியவும் முடியாது. தெருவில் இருந்து பார்க்கிறவர் யோசிக்க வேண்டியது இரண்டே விஷயம். பூட்டு, கதவு, ஜன்னல், ஓடு இவற்றில் ஏதாவது உடைபடுகிறதா? உடைபடவில்லை என்றால், வந்தவரைப் பற்றி வீட்டுக்காரரிடமோ அவருடைய உள்ளூர் ஆளிடமோ இரண்டு நிமிடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியுமா? முதல் கேள்விக்கு ஆமாம் என்றால் போலீஸ், பிறகுதான் வீட்டுக்காரர். முதலாவதற்கு இல்லை, இரண்டாவதற்கு ஆமாம் என்றால் வீட்டுக்காரர். இரண்டுக்குமே இல்லை என்றால், அதாவது எதுவும் உடைபடவில்லை, ஆனால் கேட்கவும் ஆள் கிடைக்கவில்லை, உள்ளே போனவர்கள் வெளியே வரவும் இல்லை என்றால், அப்போதும் போலீஸ்தான்.

யாரெல்லாம் நியாயமாக வருவார்கள்

பூட்டிய வீட்டுக்கு ஆளே வராது என்று எண்ணக்கூடாது. மின்வாரியக் கணக்கீட்டாளர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் பார்க்க வருவார். மீட்டர் உள்வராந்தாவில் இருந்தால் கேட் மேல் கைவிட்டுத் திறந்துதான் ஆக வேண்டும். டெங்கு கொசுப்புழு பார்க்கிற ஊழியர்கள் தொட்டி, சம்ப், மொட்டை மாடியில் கிடக்கிற பழைய டயர் வரை எட்டிப் பார்ப்பார்கள். வாக்காளர் பட்டியல் திருத்தம் நடக்கும் மாதங்களில் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வருவார். தேங்காய் பறிக்கிறவர், வீட்டைப் பெருக்க மாதச் சம்பளம் வாங்குகிற அம்மா, வாடகைக்கோ விலைக்கோ காட்ட ஆள் கூட்டி வருகிற புரோக்கர், கடன் பாக்கிக்காகக் கதவில் நோட்டீஸ் ஒட்டிப் படம் எடுத்துக்கொண்டு போகிற வங்கி ஆட்கள் எல்லாரும் இதில் சேர்த்தி.

இவர்களிடம் பொதுவான பழக்கம் ஒன்று உண்டு. சத்தம் கொடுப்பார்கள். "சார்... அம்மா..." என்று கூப்பிடுவார்கள், பதில் வராவிட்டால் பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள். வண்டியை வாசலுக்கு நேராகவே நிறுத்துவார்கள். நாம் பால்கனியில் நின்று பார்த்தால் அவர்களும் நம்மைப் பார்த்துப் பேசுவார்கள்.

கவனிக்க வேண்டியது நடத்தையைத்தான். கூப்பிடாமல் நேராகப் போய்ப் பூட்டைக் கையால் தூக்கிப் பார்ப்பது. காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, இருட்டிய பிறகு ஒருமுறை என்று அதே ஆள் அழைப்பு மணியை அடித்துவிட்டு நகர்ந்துவிடுவது. கேட் இடுக்கில் விளம்பரத் துண்டுச் சீட்டைச் செருகிவிட்டு, இரண்டு நாள் கழித்து அது அங்கேயே இருக்கிறதா என்று வந்து பார்ப்பது. ஒருவன் உள்ளே போக, இன்னொருவன் தெருமுனையில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் வண்டியை ஓடவிட்டு நிற்பது. யாராவது கேட்டால் அவசரமாக "இங்க குமார் வீடு எதுங்க?" என்று ஒரு பெயரை உதிர்ப்பது. ஏசி வெளிப்பெட்டி இருக்கிற பக்கச் சந்தில் நேரம் செலவழிப்பது. செம்புக் குழாய்க்காக அந்தப் பெட்டியையே கழற்றிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் மோட்டாருக்கும் பித்தளைக் குழாய்களுக்கும் அதே கதி.

ஆளின் தோற்றத்தை வைத்துச் சந்தேகப்படுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அழுக்கு லுங்கி, இந்தி பேச்சு, பழைய பேப்பர் மூட்டை, குறவர் சமூகத்துப் பெண் என்பதெல்லாம் காரணமே இல்லை. ஆளைச் சந்தேகித்துக்கொண்டிருக்கும்போது செயலைப் பார்க்கத் தவறிவிடுவோம். பளிச்சென்று சட்டை போட்டு, கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டு, கையில் ஒரு பைலோடு வருகிறவனை யாரும் ஏனென்று கேட்பதில்லை என்பது திருட வருகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

உடைக்கிற சத்தம் கேட்கும்போது

இரவு இரண்டு மணி. பக்கத்து வீட்டில் இரும்பை இரும்பால் நெம்புகிற சத்தம். பெரும்பாலும் பூட்டை அறுக்க மாட்டார்கள். நல்ல பூட்டை அறுக்க நேரம் பிடிக்கும். அது தொங்குகிற கொண்டியைத்தான் கம்பியைக் கொடுத்து நெம்புவார்கள். மரத்தில் நான்கு சின்ன திருகாணியில் நிற்கிற கொண்டி இரண்டு நெம்பில் வந்துவிடும். இல்லையென்றால் கொல்லைக் கதவு, அதுவும் இல்லையென்றால் மொட்டை மாடிக் கதவு. முன்வாசலுக்குத் தேக்கும் மாடிக்குப் பிளாஸ்டிக் கதவும் போட்டிருக்கிற வீடுகள் எத்தனையோ. அதனால் சத்தம் முன்பக்கம் வரவில்லை என்பதை வைத்து ஆறுதல் அடைய வேண்டாம்.

முதல் வேலை, உங்கள் அறை விளக்கைப் போடாமல் இருப்பது. விளக்கு எரிகிற அறையில் இருந்து எட்டிப் பார்த்தால் உங்களுக்கு வெளியே எதுவும் தெரியாது, வெளியே இருப்பவனுக்கு நீங்கள் நன்றாகத் தெரிவீர்கள். உங்கள் கதவுகள் பூட்டியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு, வீட்டின் உள்பக்க அறைக்குப் போய் 112 அடியுங்கள். 100 அடித்தாலும் போதும். எடுப்பவர் உங்கள் ஊர்க்காரராக இருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். பிள்ளையார் கோயில் தெரு தமிழ்நாட்டில் எந்த ஊரில்தான் இல்லை? பதற்றத்தில் எல்லாரும் "சார், சீக்கிரம் வாங்க, திருடன் சார்" என்றுதான் தொடங்குகிறார்கள். இடம் கடைசியில்தான் வாயில் வருகிறது, அதற்குள் லைன் துண்டித்துப் போவதும் உண்டு. பேச்சு ஏறக்குறைய இப்படி இருந்தால் நல்லது:

"சார், சிவகங்கை மாவட்டம், காரைக்குடி, செக்காலை. மூணாவது தெரு, தண்ணி டேங்குக்கு எதிர்ல பச்சை கேட் வீடு. பூட்டின வீடு சார், ஓனர் வெளிநாட்டுல இருக்காங்க. இப்ப பின்கதவை உடைக்கிற சத்தம் கேக்குது. ரெண்டு பேரைப் பார்த்தேன், ஒருத்தன் வெளிய பைக்குல நிக்கிறான். நான் பக்கத்து வீடு, உள்ள பத்திரமா இருக்கேன்."

"கையில ஆயுதம் இருக்காம்மா?"

"கம்பி மாதிரி ஒண்ணு இருக்கு சார். வேற தெரியல."

"வெளிய வராதீங்க. ரோந்து வண்டிக்குச் சொல்றேன், அவங்க உங்களுக்குக் கூப்பிடுவாங்க."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். ரோந்து வண்டியில் இருப்பவர் வழி கேட்டு உங்கள் செல்போனுக்குத்தான் கூப்பிடுவார். அது உங்களுக்குத் தெரியாத எண்ணாக இருக்கும். தெரியாத எண்ணை எடுக்காத பழக்கம் இப்போது எல்லாருக்கும் வந்துவிட்டது. போனைச் சத்தமில்லாமல் அதிர்வில் மட்டும் வைத்து, வருகிற எந்த அழைப்பையும் எடுங்கள். போலீஸ் வந்து தெருமுனையில் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, யாரும் எடுக்காததால் அடுத்த தெருவில் தேடிக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கிறது.

தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலி போனில் இருந்தால், அதன் அவசர பட்டனை அழுத்தினால் இருக்கும் இடமும் சேர்ந்து போய்விடும். இரவில் அதைத் தேடித் தரவிறக்கிக்கொண்டிருக்க முடியாது. பகலிலேயே போட்டு, பதிவும் செய்து வைத்திருக்க வேண்டும்.

பேசி முடித்த பிறகு, பாதுகாப்பான இடத்தில் இருந்து முடிந்ததைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி எண்ணில் முழுசாகத் தெரியாவிட்டாலும் கடைசி நான்கு எண் போதும். வண்டியின் வகை, எந்தப் பக்கம் போனது, எத்தனை மணிக்கு. சட்டை நிறம் தெருவிளக்கில் ஏமாற்றும். உயரம், நடை, முதுகுப்பை, செருப்பா ஷூவா என்பது அதைவிட நம்பகமானது. படம் எடுப்பதானால் பிளாஷை அணைத்துவிட்டீர்களா என்று இருமுறை பாருங்கள்.

விளக்கைப் போட்டுக் கத்தலாமா? இதில் ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. போலீசுக்குச் சொல்லியாகிவிட்டது, உங்கள் கதவு உறுதி, வீட்டில் இன்னும் சிலர் இருக்கிறார்கள் என்றால், வாசல் விளக்குகளைப் போட்டு உள்ளிருந்தே சத்தம் கொடுக்கலாம். பெரும்பாலும் ஓடிவிடுவார்கள். ஓடட்டும். வீடு பிழைத்தால் அதுவே பெரிது. தனியாக இருக்கிற வயதானவர், குழந்தைகளோடு இருக்கிற பெண் என்றால் சத்தமே வேண்டாம். எந்தச் சூழ்நிலையிலும் கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கக் கூடாது. வெளியே வழிபார்த்து நிற்பவன் வேலையே அப்படி வருகிறவரைத் தடுப்பதுதான்.

சட்டம் நம்மிடம் என்ன எதிர்பார்க்கிறது

பலருக்கும் தெரியாத ஒன்று: சில குற்றங்கள் நடப்பதோ நடக்கப்போவதோ தெரிந்தால், தகுந்த காரணம் இல்லாமல் சொல்லாமல் இருக்கக் கூடாது என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 33. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் இருப்பது இது. அந்தப் பட்டியலில் வீடு புகுதலும் வீட்டை உடைத்துப் புகுதலும் இருக்கின்றன. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 331 அதற்குரிய தண்டனையைச் சொல்கிறது. இரவில் திருடுவதற்காக உடைத்துப் புகுந்தால் 14 ஆண்டு வரை சிறை. வீட்டுக்குள் திருட்டுக்குத் தனியாகப் பிரிவு 305, 7 ஆண்டு வரை.

தகவல் சொல்ல வீட்டுக்காரராக இருக்க வேண்டியதில்லை. குற்றம் நடந்தது தெரிந்த யாரும் சொல்லலாம். வெளிநாட்டில் இருக்கிற வீட்டுக்காரர் மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியிலும் புகார் அனுப்பலாம். ஆனால் மூன்று நாளுக்குள் அதில் கையெழுத்துப் போட்டாக வேண்டும், அதனால் கடலுக்கு அப்பால் இருப்பவருக்கு இது நடைமுறையில் சிரமம். உள்ளூரில் இருக்கிற தம்பியோ மைத்துனரோ நேரில் எழுதிக் கொடுப்பதுதான் வேலையை நகர்த்தும். எழுதிக் கொடுத்ததும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை போட்டால் அதன் நகல் புகார்தாரருக்கு இலவசம்.

நாம் சொன்னது தப்பாகப் போய்விட்டால், வந்தவர் வீட்டுக்காரரின் சொந்தத் தம்பியாகவே இருந்துவிட்டால்? ஒன்றும் ஆகாது. பொய் என்று தெரிந்தே அரசு ஊழியருக்குத் தகவல் கொடுப்பதுதான் குற்றம், நியாய சன்ஹிதாவின் பிரிவு 217. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் அப்படியே சொல்கிறவருக்கு அது பொருந்தாது. அதனால்தான் "திருடன்" என்று சொல்லாமல் "இரண்டு பேர் பின்கதவை நெம்புகிறார்கள்" என்று சொல்வது எல்லா வகையிலும் பாதுகாப்பு. முடிவை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

பிடித்துக் கட்டிவைப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத, கைது செய்யத்தக்க குற்றம் செய்கிறவனைத் தனிநபர் பிடிக்கச் சட்டம் அனுமதிக்கிறது, சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 40. ஆனால் தாமதிக்காமல், எப்படியும் 6 மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். அடிப்பதற்கு அதில் அனுமதி இல்லை. கம்பத்தில் கட்டிவைத்து அடித்தால் அடித்தவர்கள் மீதும் வழக்கு வரும். ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் தெருவே ஜெயிலில் இருக்கும்.

சந்தேகப்படுகிறவரின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் இதோடு சேர்ந்த ஆபத்து. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம், கோயிலுக்குக் குடும்பத்தோடு காரில் வந்த சென்னை மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். குழந்தை கடத்துகிறவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி ஏற்கெனவே ஊரெல்லாம் பரவியிருந்தது. கூடியவர்கள் அடித்ததில் அவர் இறந்தே போனார். "நம்ம தெருவில் திருடன், உஷார்" என்று ஒரு முகத்தைப் போட்டுவிடுகிறவர், அது எங்கே போய் எப்படி முடியும் என்பதைக் கட்டுப்படுத்த முடியாது. படம் வீட்டுக்காரருக்கும் போலீசுக்கும் மட்டும் போகட்டும். தெருக் குழுவில் வேண்டுமானால் "இத்தனாம் எண் வீட்டில் ஆள் நடமாட்டம், 112-க்குச் சொல்லியாச்சு, யாரும் வெளியே வராதீர்கள்" என்று மட்டும் போடலாம்.

பட்டப்பகலில் லாரி வந்து நின்றால்

எல்லாவற்றையும்விடச் சிக்கலானது இதுதான். செட்டிநாட்டு ஊர்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டு வாசலுமாக நீண்டு கிடக்கிற வீடுகள். பர்மா தேக்குத் தூண், சித்திர வேலைப்பாடு உள்ள நிலைக்கதவு, பழைய எனாமல் பாத்திரங்கள், ரவிவர்மா அச்சுப் படங்கள், பெல்ஜியம் கண்ணாடி. காரைக்குடியிலேயே இவற்றை வாங்கி விற்கிற பழம்பொருள் கடைத் தெரு இருக்கிறது. அந்த வியாபாரம் சட்டப்படியானது, விற்கிற குடும்பங்களும் உண்மையானவை. வீடு ஒருவருக்குச் சொந்தமாக இருப்பது அபூர்வம். பங்காளிகள் பல பேர், ஆளுக்கொரு ஊர், சிலர் கண்டம் தாண்டி. கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் மட்டும் கூடுவார்கள். மற்ற நாளெல்லாம் சாவி பார்த்துக்கொள்கிறவர் கையில்.

பின்தெருவில் லாரி நிற்கிறது, கூலியாட்கள் தூணைச் சாக்கில் சுற்றி ஏற்றுகிறார்கள். பதுங்கலே இல்லை, டீ வாங்கி வரச்சொல்லிச் சாவகாசமாக வேலை நடக்கிறது. இது திருட்டாகவும் இருக்கலாம், முறையான விற்பனையாகவும் இருக்கலாம், மற்ற பங்காளிகளுக்குத் தெரியாமல் ஒருவர் மட்டும் விலை பேசியதாகவும் இருக்கலாம். பார்க்கிறவருக்கு மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இங்கே ஒருவருக்குப் போன் போட்டால் போதாது. குறைந்தது இரண்டு பங்காளிகளிடம் பேச வேண்டும். ஒருவர் "ஆமாம், நான்தான் சொன்னேன்" என்றால், இன்னொருவரிடம் "ஐயா, உங்க வளவு வீட்டுல தூண் எறக்கி ஏத்துறாங்க, உங்களுக்குத் தெரியும்தானே?" என்று கேட்டுவிடுவதோடு நம் பொறுப்பு முடிந்தது. அவர்களுக்குள் தகராறு இருந்தால் அது பங்காளிச் சொத்து வழக்கு, நாம் சாட்சியாக மட்டும் இருக்கலாம், பக்கம் எடுக்கக் கூடாது. யாருமே போன் எடுக்கவில்லை, பார்த்துக்கொள்கிறவரும் ஆளைக் காணோம், பொருள் ஏறிக்கொண்டிருக்கிறது என்றால் லாரி எண்ணைக் குறித்துக்கொண்டு காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். லாரி கிளம்பிய பிறகு அந்தத் தூண் எந்த ஊர் ஓட்டலில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. பார்த்துக்கொள்கிறவரிடம் நேரடியாகக் கேட்டால் வருத்தப்படுவாரே என்று பலர் தயங்குகிறார்கள். நேர்மையான ஆள் வருத்தப்பட மாட்டார், போனைப் போட்டு முதலாளியிடமே கொடுத்துவிடுவார்.

நகரங்களின் ஓரத்தில் இதே பிரச்சினைக்கு வேறு முகம். காலி வீட்டையும் மனையையும் யாரோ வந்து டேப் பிடித்து அளக்கிறார்கள், கல் ஊன்றுகிறார்கள், பழைய பெயர்ப்பலகையைக் கழற்றிப் புதுசு மாட்டுகிறார்கள், பூட்டை மாற்றுகிறார்கள். கேட்டால் கையில் பத்திர நகல் வைத்திருக்கிறார்கள். இதில் வாக்குவாதம் செய்யவே வேண்டாம். பலகையையும் புதுப் பூட்டையும் படம் எடுத்து, தேதியோடு வீட்டுக்காரருக்கு அன்றைக்கே அனுப்புங்கள். அவர் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால், தன் சொத்தின் மேல் புதுப் பத்திரம் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். போலிப் பத்திரம் என்றால், 2011-இல் தொடங்கப்பட்ட நில அபகரிப்புத் தடுப்புச் சிறப்புப் பிரிவில் வீட்டுக்காரர் புகார் கொடுக்க வேண்டும். இப்படிப்பட்ட விஷயத்தில் ஒரு வாரம் தள்ளிச் சொல்வது ரொம்பவும் கெடுதல். அதற்குள் உள்ளே ஒரு குடும்பத்தைக் குடிவைத்துவிடுவார்கள், அப்புறம் கோர்ட்டுக்கு நடக்க வேண்டியதுதான்.

வேறு சிலதும் உண்டு, அவை சுருக்கமானவை. பூட்டிய வீட்டில் இருந்து காஸ் வாடை வந்தால் காஸ் கசிவு உதவி எண் 1906, கூடவே தீயணைப்புக்கு 101. சுவிட்ச் எதையும் தொடாதீர்கள், அழைப்பு மணியையும்தான். நாற்றமும் ஈயும் மொய்த்தால், வீட்டுக்குள் தனியாக யாராவது இருந்திருக்கலாம், கதவை நீங்களே உடைக்காமல் 112. பையன்கள் சுவரேறிக் குதித்து மாடியில் குடிக்கிறார்கள் என்றால் முதலில் வீட்டுக்காரருக்குச் சொல்லி, அவர் பெயரில் நிலையத்தில் சொல்ல வைப்பது நல்லது. அதே தெருப் பையன்கள் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் நேராக மோதுவது வருஷக்கணக்கில் பகையாகிவிடும்.

காலையில்தான் தெரிந்தது என்றால்

கதவு திறந்து கிடக்கிறது, ஆள் இல்லை. உடனே எல்லாரும் உள்ளே போய்ப் பார்ப்பார்கள். இதுதான் வழக்கை முதலிலேயே கெடுக்கிறது. பீரோக் கைப்பிடி, கண்ணாடி, சிதறிக் கிடக்கிற டப்பா, வெளியே வீசிய கம்பி எல்லாவற்றிலும் கைரேகை இருக்கலாம். மொட்டைமாடித் தூசியில் கால்தடம் இருக்கலாம். பத்துப் பேர் நடந்த பிறகு கைரேகை நிபுணர் வந்து என்ன செய்வார்? மோப்ப நாயும் நம் செருப்பு வாசனையில் நம் வீட்டுக்கே வந்து நிற்கும். மிளகாய்ப் பொடி தூவியிருந்தால் அதையும் கூட்டிப் பெருக்கக் கூடாது.

உள்ளே ஆள் இன்னும் இருக்கக்கூடும் என்பதாலும் வாசலைத் தாண்டாதீர்கள். வெளியில் இருந்து இரண்டு படம் எடுத்து, 112-க்குச் சொல்லி, வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். நேரம் கெட்ட நேரமாயிற்றே என்று யோசிக்க வேண்டாம். நமக்கு இரவு இரண்டு மணி என்றால் கோடைகாலத்தில் நியூயார்க்கில் முந்தைய நாள் மாலை நாலரை, துபாயில் பன்னிரண்டரை, சிங்கப்பூரில் விடிகாலை நாலரை. எந்த நேரமானாலும் அவர் கேட்க விரும்புகிற செய்திதான் இது. அவர் வீட்டில் கேமரா இருந்தால் பதிவை உடனே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பதிவுப் பெட்டியையே திருடர்கள் தூக்கிப் போவது சாதாரணம், பல வீடுகளில் அது ஹால் டிவிக்குக் கீழேயே இருக்கிறது. இன்டர்நெட் ரீசார்ஜ் தீர்ந்து கேமரா மாதக்கணக்கில் சும்மா கண்ணை விழித்துக்கொண்டிருந்த கதைகளும் ஏராளம். உங்கள் வீட்டுக் கேமராவில் அந்தத் தெரு தெரிந்தால் அந்த இரவின் பதிவைத் தனியே பென்டிரைவில் எடுத்து வையுங்கள். பல பெட்டிகளில் இடம் நிறைந்ததும் பழையது தானாக அழிந்துவிடும்.

ஊருக்குக் கிளம்பும் முன்பே பேசிவைப்பது

இத்தனை தடுமாற்றமும் பாதிக்கு மேல் குறைவது, வீட்டுக்காரர் கிளம்புகிற அன்று பத்து நிமிடம் பேசினால்தான். பக்கத்து வீட்டுக்கு அவர் கொடுக்க வேண்டியவை: நாட்டுக் குறியீட்டோடு தன் வாட்ஸ்அப் எண், உள்ளூரில் நேரில் வரக்கூடிய ஒருவரின் எண், சாவி யார் யாரிடம் இருக்கிறது, வேலைக்கு வருகிற அம்மா எந்தக் கிழமை வருவார், புரோக்கர் யாருக்காவது அனுமதி கொடுத்திருக்கிறாரா. புதிதாக யாரையாவது அனுப்பினால் அன்றைக்குக் காலையில் ஒரு வரி: "அண்ணே, இன்னிக்கு ஏசி சர்வீஸ்காரங்க வருவாங்க, ரெண்டு பேர்." இந்த ஒரு வரி வராத நாளில் இரண்டு பேர் உள்ளே போனால் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தயக்கமே இருக்காது.

அதோடு ஒரு அனுமதியையும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்: "ஏதாவது உடைக்கிற மாதிரி தெரிஞ்சா என்னைக் கேக்காம போலீசுக்குச் சொல்லிடுங்க அக்கா. தப்பாப் போனா நான் பார்த்துக்கிறேன்." தயங்கி நிற்பவருக்கு வேண்டியது இந்த வார்த்தைதான்.

வெளியூர் போகும் தேதியும் திரும்பும் தேதியும் எழுதி உள்ளூர்க் காவல் நிலையத்தில் கொடுத்தால் பூட்டிய வீடுகளை ரோந்தில் பார்த்துக்கொள்வார்கள். காவல்துறையே இதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கிறது. கேட்டின் வெளிப்புறம் பெரிய பூட்டு தொங்குவது ஆளில்லை என்ற அறிவிப்பு. கேட்டுக்கு உள்பக்கம் பூட்டு விழுகிற மாதிரி அமைப்பது நல்லது. பேப்பர், பாலை நிறுத்திவிட்டு, வாசலைப் பெருக்கிக் கோலம் போட ஆள் வைக்க வேண்டும். இரவு பகலாக எரிகிற வராந்தா விளக்கைவிட மாலையில் தானே எரிந்து காலையில் அணைகிற விளக்கு மேல். கொண்டியை மரத்திருகாணியில் விடாமல், கதவின் உள்பக்கம் வரை போகிற போல்ட்டும் நட்டும் போட்டு மாட்டச் சொல்லுங்கள். மொட்டை மாடிக் கதவுக்கு உள்பக்கம் குறுக்குக் கம்பி. நகை வங்கி லாக்கரில்.

இதெல்லாம் செய்த பிறகும் சாட்சி சொல்லக் கூப்பிடுவார்களே, ஸ்டேஷனுக்கு அலைய வேண்டுமே என்ற பயம் வயதானவர்களுக்கு இருக்கிறது. பெண்களையும், 60 வயதைத் தாண்டிய ஆண்களையும், உடல்நலம் குன்றியவர்களையும் விசாரணைக்காக அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 179 சொல்கிறது. விசாரணை அதிகாரி வீட்டுக்கு வந்து கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அப்படி எழுதுகிற வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போட வேண்டியதும் இல்லை. ஆனால் எழுதியதை ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் இரண்டு பேர் என்று சொன்னது மூன்று பேர் என்றோ, சத்தம் மட்டும் கேட்டதாகச் சொன்னது நேரில் பார்த்ததாகவோ மாறியிருந்தால் அங்கேயே திருத்திக்கொள்ளச் சொல்லலாம். வருஷங்கள் கழித்துக் கோர்ட்டில் குறுக்கு விசாரணையில் வக்கீல் முதலில் பிடிப்பது அந்த வித்தியாசத்தைத்தான். அன்று இரவு நீங்கள் நேரத்தோடு எழுதிவைத்த துண்டுச் சீட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் அப்போது நினைவுபடுத்திக்கொள்ள உதவும்.